லேமினேட் ஆன திமிங்கலம்

படம் போட்ட பழைய விளையாட்டுக் கார்டு வியாபாரத்தில் வாங்க வருகிறவனைவிட விற்கிறவனுக்குத்தான் பொருள்மேல் ஆசை அதிகம். எதையாவது சேர்த்து வைத்து வீட்டில் திட்டு வாங்குகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். காக்ஸ் டவுனில் எனக்கு மொபைல் கவர் விற்கிற சின்னக் கடை. பின்பக்கம் இரண்டு மேஜை; பழைய கார்டு விற்பதும் ஞாயிற்றுக்கிழமை கார்டு ஆட்டமும் அங்கேதான்.

காலிப் பாக்கெட்

என் பைத்தியமெல்லாம் ஒரே ஒரு செட்மேல். முழுக்கக் கடல் பிராணிகள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்தது, அப்புறம் அச்சடிக்கவே இல்லை. ஆல்பத்தில் எல்லாம் சேர்ந்துவிட்டது, திமிங்கலம் தவிர. அதற்கென்று ஒரு பாக்கெட்டைப் பன்னிரண்டு வருஷமாகக் காலியாகவே விட்டிருந்தேன். போன வருஷம் யாரோ வீடு காலி செய்தபோது ஒரு பழைய டப்பாவில் அது கிடைத்தது. மூலைகூட மடங்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சொன்னாள்: "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்ளோ நேரம் பார்க்கலை நீங்க."

ரெஜினா டீச்சர்

அதே வாரம் ரெஜினா டீச்சர் என்று ஒருவர் வந்து, வேண்டியது திமிங்கலம் மட்டும்தான் என்றார். சின்ன வயதில் தம்பி ஜெரால்டோடு ஆடுவாராம். ஒரு நாள் தோற்ற கோபத்தில் அவனுடைய திமிங்கலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். வளர்ந்த பிறகு வீடு விற்பதில் ஏதோ வாய்த்தகராறு. நீ அன்னைக்கே என் கார்டைக் கிழிச்சவதானே என்று சொல்லிவிட்டுப் போனவன் மூன்று வருஷமாகப் பேசவில்லை. இருப்பதென்னவோ பக்கத்திலேயே, ஜோகுபாளையத்தில்தான்.

ஸ்டாக் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடைசியில் நான் ஆல்பத்தைத் திறந்து அதைக் கொடுத்ததற்குக் காரணம், அவர் சொன்ன ஒரு வார்த்தை: "வேற என்ன சொல்லி அவன் வீட்டுக் கதவைத் தட்டுறதுன்னு தெரியலை சார்."

பத்திரம்

அடுத்த ஞாயிறு தம்பியோடு வந்து நின்றார். ஒரே ஒரு ஆட்டம், அதோடு கிளம்பிடுவேன் என்று சொல்லித்தான் வந்தானாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். டீச்சர் கைப்பையைத் திறந்து திமிங்கலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார். லேமினேட் செய்திருந்தார்!

சேகரிக்கிற நீங்களே சொல்லுங்கள், என் வயிறு எப்படி எரிந்திருக்கும். லேமினேட் ஆன கார்டைப் பிரிக்கவும் முடியாது, எவனும் வாங்கவும் மாட்டான். ஏன் டீச்சர் இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டே விட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தபடி சொன்னார்: "ஸ்கூல்ல முக்கியமானதையெல்லாம் இப்படித்தான் பத்திரம் பண்ணுவோம். இனிமே யாராலயும் கிழிக்க முடியாது, என்னாலயும்."

ஒரே ஒரு ஆட்டம்

எங்கள் மேஜையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கார்டுக் கட்டுக்குள் எந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்று முதுகைப் பார்த்துத் தெரியக்கூடாது. ஜெரால்ட் தன் கட்டுக்குள் திமிங்கலத்தைச் செருகினான்; அதுவோ பிளாஸ்டிக் ஓரத்தோடு எங்கே போட்டாலும் துருத்திக்கொண்டு நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் அவன் தோற்கிற நிலைமை. அவன் கட்டின் உச்சியில் திமிங்கலம் பளபளக்கிறது. அடுத்து அதை எடுத்தால் அவனுக்குத்தான் ஜெயம். டீச்சர் பின்னால் நின்ற எனக்கு அவர் கையில் இருந்த சுழல் கார்டு தெரிந்தது. அதைப் போட்டால் எதிராளி தன் கட்டையே கலைத்தாக வேண்டும். போடுங்களேன் என்று எனக்குக் கை அரித்தது. அவர் போடவில்லை. உன் முறை என்றார். அவன் எடுத்தான், ஜெயித்தான்.

கார்டுகளை அடுக்கும்போது அக்காவின் கையிலிருந்த சுழலை அவன் பார்த்துவிட்டான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டை அவர் பக்கம் தள்ளினான்: "இது செல்லாது. கலைச்சுப் போடுக்கா, இந்தத் தடவை ஒழுங்கா ஆடு."

ஆக, பன்னிரண்டு வருஷம் தேடிய திமிங்கலத்தை இப்போது ஞாயிறுதோறும் என் கடையிலேயே பார்க்கிறேன், தொட்டால்தான் பிளாஸ்டிக் படுகிறது.