கடற்புல்லும் கலாநிதிப் பட்டமும்

நபீலாவின் குடும்பம் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து உடுத்த உடையோடு புத்தளம் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் கரைத்தீவில், ஓலைக் கொட்டில் ஒன்றில் அவள் பிறந்தாள். யுத்தம் முடிந்த பிறகும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு எழும்பியிருந்தது. வாப்பா மௌத்தாகித் தகப்பன் இல்லாமல் போன பின், அவள் நானா என்று கூப்பிடும் மூத்த அண்ணன் உசனார், களப்பு என்கிற உப்பங்கழியில் வலை இழுத்துத் தங்கையைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார்.

விலங்கியலில் பட்டம் பெற்று, கொஞ்சக் காலம் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, 2015இல் நபீலா கலாநிதிப் படிப்பில் சேர்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் களப்பில் கடற்புல் அழிந்துகொண்டிருந்தது. அதோடு நண்டும் மீனும் குறைந்தன. இறால் பண்ணைக் கழிவுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே சொன்னது. அதை நிரூபிக்கத்தான் அவள் போனாள்.

போன உடனேயே களப்பில் இறங்க விடவில்லை. முதல் வருடம் முழுக்கப் பாடங்கள். புள்ளிவிபரவியல் அவளை அழ வைத்தது. இடையிடையே வெவ்வேறு ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை பழக வேண்டும். அதன் பிறகு தகைமைப் பரீட்சை. அதில் தேறினால்தான் சொந்த ஆய்வு. எழுத்தில் நன்றாகச் செய்தாள். வாய்மொழியில், பரீட்சகர் ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார்:

“நீங்கள் நினைப்பது பிழை என்றால், அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்?”

“நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த இடம், சேர்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். அவள் தேறவில்லை. இன்னும் ஒரேயொரு தடவை தோற்றலாம். அதிலும் தவறினால் கலாநிதிக்குக் கீழே உள்ள முதுதத்துவமாணிப் பட்டத்தோடு வெளியேற வேண்டும்.

அவளுடைய கணவன் அன்ஸார் ஆலங்குடாவில் வெளிநாட்டுக்காரரை டொல்பின் பார்க்கப் படகில் கூட்டிப்போகிறவன். வீட்டுக்கு வந்தவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான்.

“பண்ணைத் தண்ணிதான் எண்டு ஊருக்கே தெரியுமே. இதில என்ன கேள்வி?”

“அதுதாங்க பிழை. தெரியும் எண்டு நினைச்சிக்கிட்டே போயிட்டன்.”

“விட்டுடப் போறியா?”

“இல்ல. திரும்பப் போவன்.”

திட்டத்தை அடியிலிருந்து மாற்றினாள். பண்ணைக் கழிவு வாய்க்காலுக்குக் கிட்டவும் எட்டவும் இடங்களைத் தெரிந்தெடுத்தாள். புல்லை அழிப்பது வலையாகவும் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு இடத்திலும் பாதியில் கம்பு நட்டு வலை போகாமல் மறிப்பது, மறுபாதியைத் திறந்து விடுவது. மறித்த பாதியில், வாய்க்காலுக்குக் கிட்டவே புல் முளைத்தால் தன் கருத்து பொய் என்பதை இந்தத் தடவை தானே முதலில் சொன்னாள். தேறினாள்.

பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. மறித்த இடங்களில், வாய்க்காலுக்குக் கிட்டக்கூட, புல் மெல்ல முளைத்து வந்தது. இழுவை வலை போன இடங்களில் வேரோடு கிளம்பியிருந்தது. அடுத்த பருவத்திலும் திரும்பச் செய்தாள். முடிவு மாறிவிடாதா என்று உள்ளுக்குள் அல்லாஹ்விடம் துஆக் கேட்டாள். மாறவில்லை.

சஞ்சிகையில் கட்டுரை வராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அனுப்புவதற்கு முன் உசனாரிடம் போனாள். கிழிந்த இழுவை வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், அவள் முடிவைச் சொன்னதும் நிமிராமலே கேட்டார்:

“எந்த வலையால நீ படிச்சாய்?”

“இந்த வலையாலதான், நானா.”

“அப்ப எங்கட வயித்திலயா அடிக்கப் போறாய்?”

“பொய் எழுத என்னால ஏலா, நானா.”

அவர் எழும்பிப் போய்விட்டார்.

அவளுடைய மேற்பார்வையாளர் கலாநிதி அஜித்தா சிலாபத்து மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஊருக்குப் பாதகம் வராமலிருக்கக் கட்டுரையில் ஊர்ப் பெயரைப் போடாமல் விடலாம் என்றார். நபீலா அதற்குச் சம்மதித்தாள். வலையைப் பற்றிய பகுதியை மட்டும் மழுப்பி எழுத மறுத்துவிட்டாள். கட்டுரை அப்படியே வெளிவந்தது.

படிப்பை முடிக்குமுன் பல்கலைக்கழகத்தில் திறந்த கருத்தரங்கு ஒன்று கட்டாயம். அதை ஆங்கிலத்தில் செய்து முடித்தாள். அடுத்த கிழமையே, யாரும் கேட்காமல், கரைத்தீவில் மீனவர் சங்க மண்டபத்தில் அதே விஷயத்தைத் தமிழில் சொன்னாள். பாதிப்பேர் நடுவில் எழும்பிப் போனார்கள். உசனார் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தபடி கேட்டார்:

“அப்ப பண்ணைக்காரன் நல்லவனா?”

“இல்ல, நானா. வாய்க்காலுக்குக் கிட்ட புல்லு நோஞ்சலாத்தான் வருது. அதையும் எழுதியிரிக்கன்.”

“வலைய விட்டா நாங்க எதத் திங்கிற?”

“அதுக்கு நான் இன்னும் விடை தேடல்ல. தேடத்தான் வேணும்.”

2021இல் பட்டம் கிடைத்தது. விழாவுக்கு அன்ஸாரும் உம்மாவும் போனார்கள், உசனார் போகவில்லை. நபீலா இப்போது விரிவுரையாளர். விடுமுறைக்கு விடுமுறை கரைத்தீவுக்கு வந்து, புல்லைக் கிளப்பாத வேறு வலைகளைச் சிலரோடு சேர்ந்து களப்பில் போட்டுப் பார்க்கிறாள். இரண்டு வலைகள் சரிவரவில்லை. மூன்றாவதில் கொஞ்சம் நண்டு படுகிறது. உசனார் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. அவள் ஒவ்வொரு முறையும் அவரைப் போய்க் கூப்பிட்டுவிட்டுத்தான் படகில் ஏறுகிறாள்.