ஏழு காலிக் கட்டங்கள்

சபாபதி அண்ணன் இறந்த செய்தி ஐயம்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தபோது சோற்றில் கை வைத்திருந்தேன். சைக்கிளில் வந்த அவர் மைத்துனர் வாசலில் நின்றபடியே, "மாமா காலையில போயிட்டாருபா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை; பயம்தான் வந்தது. இனி மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

நெசவாளர் சங்கத்தின் வரைபடப் பிரிவில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவர் கை தெரியும். பட்டுச்சேலைக்கான மயிலையும் யாளியையும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மையிட்டு அடைப்பது எங்கள் வேலை. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பார். விட்டுப்போன கட்டத்தைக் கேட்காமலே அடைத்துவிடுவார். ஒரு கட்டம் விட்டால் சேலை முழுக்க அந்தக் குறை வந்துகொண்டே இருக்கும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்கு ஏகத் திமிர்.

அறுபதுகளின் கடைசியில் அவர் மகள் வசந்தா ஒன்பது வயதில் அம்மை கண்டு இறந்தாள். பிறகு அவர் தனக்கென்று ஒரு பெரிய தாளில் படம் போட ஆரம்பித்தார். கட்டத்துக்கு ஒரு சின்னக் கோடு, வேறொன்றும் கிடையாது. "இதுல இன்னாண்ணே படம் இருக்குது?" என்று கிண்டல் செய்வேன். "பார்த்துக்கினே இருபா, தெரியும்" என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புக் கோடுகள்தான்.

ஒருநாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். மேசையில் விரித்துக் கிடந்த தாளில், கோடுகளுக்கு நடுவே அங்கங்கே ஏழு கட்டங்கள் காலி. அவர் பேனாவையே எடுத்து, அவர் கோடு மாதிரியே ஏழு கோடு போட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவர் தாளையே பார்த்தார். "நீ போட்டியா?"

"விட்டுப்போயிருந்துதுண்ணே."

"விடலபா. தெனம் ஒண்ணு, பாப்பாவ நெனச்சிக்கினு போடுவேன். அந்த ஏழு நாளு அவ நெனப்பே வரல. அதான் போடல." தாளைச் சுருட்டினார். "இப்ப எது நான் போட்டது, எது நீ போட்டதுன்னு எனக்கே தெரியலியே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்குப் பிறகு தாளை அவர் வேலைக்குக் கொண்டுவரவேயில்லை. வருஷக்கணக்கில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அண்ணி அந்தத் தாளை என்னிடம் தந்தார். "உங்களாண்ட குடுக்கச் சொன்னாரு." கடைசிவரை போட்டிருக்கிறார். போகப்போகக் காலிக் கட்டங்கள் அதிகம். ஒன்றிலும் அவர் பொய்க்கோடு போடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தாள்தான். என் ஏழு கோடுகளை மட்டுமாவது சுரண்டி எடுத்துவிடலாம் என்று நேற்று பிளேடும் கையுமாக உட்கார்ந்தேன். எவை என்று தெரியவில்லை.