மருதாணிக் கையோடு வந்த மதினி

மூன்று வருடங்களுக்கு முன், அண்ணன் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்கு விடுமுறையில் வந்திருந்தேன். அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். படையில் சேர்ந்த பிறகு மில்லர்புரத்தில் எங்கள் தெரு முழுக்க என் பேச்சுதான். கல்யாண ஃபிளெக்ஸில் மாப்பிள்ளையை விட என் சீருடைப் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தார். என் படமே வேண்டாம் என்று நான் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் சாத்தான்குளத்திலிருந்து கல்யாணப் பெண், எனக்கு மதினியாக வரப்போகிறவள், போனில் கூப்பிட்டாள்.

"ஏளா, மிலிட்டரிக்காரி அண்ணனைக் கட்டப்போறேன்னு இங்கன பெருமையடிச்சு வச்சிருக்கேன். உன் போட்டோ இல்லாட்டி உங்க அண்ணன் மூஞ்சிய எவ பாப்பா?"

சிரிக்கப் போனவள் அழுதுவிட்டேன். நானாகச் சொல்லும் வரை அவள் போனை வைக்கவில்லை. சொன்னேன். வடக்கே என் முகாமில், ஸ்டோர் அறையில் இருப்பைச் சரிபார்க்க வரச்சொன்ன மேலதிகாரி, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் பலாத்காரமாக நடந்துகொண்டார். தள்ளிவிட்டு ஓடி வந்தேன். வெளியே சொன்னால் வேலையும் போகும், மானமும் போகும் என்று மிரட்டினார். பேசாமல் வேலையை விட்டுவிடத்தான் நினைத்திருந்தேன்.

கல்யாணம் முடிந்ததும், என்னிடம் கேட்டுக்கொண்டு, மதினியே வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அந்த வேலையே வேண்டாம், வந்துரு தாயி" என்று அழுதாள்.

"தப்புப் பண்ணவன் அங்கன இருந்து சம்பளம் வாங்குவான், இவ வீட்டுல உக்காரணுமாக்கும்? நல்லாருக்கு அத்தை!" என்றாள் மதினி.

அன்றே புகார் அனுப்பினேன். ஒரே வாரத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தபோது, விருந்துக்குக் கூப்பிட்டிருந்த சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மருதாணி மங்காத கைகளோடு மதினி என்னுடன் ரயிலேறினாள். அண்ணன் பாவம் என்றேன். "அவுக சோறு வடிக்கப் படிக்கட்டும்" என்றாள்.

விசாரணை அறைக்கு வெளியே முகாமில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்ததைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். சாட்சி சொன்னால் தன் வேலைக்கும் ஆபத்து என்று பயம். அவளுக்குத் தமிழ் தெரியாது. மதினிக்கு வேறு மொழி தெரியாது. மதினி ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் தோழி எழுந்து உள்ளே போனாள். பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னாள்.

அந்த அதிகாரி வேலையிழந்தார். நான் இன்றும் பணியில் இருக்கிறேன். போன மாதம் பதவி உயர்வும் கிடைத்தது.

அந்த ஸ்டோர் அறைக்கு நீ ஏன் தனியாகப் போனாய் என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள், அம்மா உட்பட. மதினி மட்டும் இன்றுவரை அதைக் கேட்டதில்லை. நான் தலைநிமிர்ந்து மறுபடி வேலைக்குப் போனது அவள் என்மேல் வைத்த அந்த நம்பிக்கையின் பலத்தில்தான்.