தூத்துக்குடிப் படகின் பேட்டரி

இன்று பதினொரு மணிக்கு வேலம்பாளையத்தில் கரண்ட் போனது. எங்கள் பனியன் கம்பெனி மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. அதில் சார்ஜ் ஏறும் பேட்டரி, பத்து நிமிடம் பீப் பீப் என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது.

எங்கள் டெய்லர் செல்வியைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து அவள் அண்ணன் வந்திருந்தார். படகு வைத்து மீன் பிடிக்கிறவர். என் நிலைமையைப் பார்த்துவிட்டு, செல்போனில் தன் படகைக் காட்டினார். கூரையில் ஒரே ஒரு பேனல்.

"லைட்டு, வயர்லெஸ், ஜிபிஎஸ் எல்லாம் இதுலதான் ஓடுது அண்ணாச்சி. பேட்டரி எப்பவும் ஃபுல்லாத்தான் இருக்கும்."

"வாங்கி எத்தனை வருசமாச்சுங்க?"

"அஞ்சு வருசம் ஆச்சுல்லா."

என்னுடையதற்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கோ கடலில் ஆடிக்கொண்டிருக்கும் பேட்டரியை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. என்ன கம்பெனி, யார் மாட்டியது என்று துருவித் துருவிக் கேட்டேன். சாதாரணப் பேட்டரிதான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பேனல்ல உப்பு படியும்லா. தெனமும் காலைல தொடச்சிருவேன், அவ்ளோதான்."

"எதுலீங்க தொடைப்பீங்க?"

"ஒங்க கம்பெனி வேஸ்ட் துணிதான் அண்ணாச்சி. தங்கச்சி மூட்டை கட்டிக் குடுத்து விடும். நல்லா உறிஞ்சுது."

அவர் கிளம்பியதும் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத பேனல்மேல் பஞ்சுத் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது.

உங்கள் மாடியிலும் இதே கதைதான் என்று நாலு பேராவது கமெண்டில் சொல்லுங்கள். துடைக்கிறவர்கள் தயவுசெய்து இன்று மட்டும் பேசாமல் இருங்கள்.