தங்கச்சி வாசிக்காத கடிதம்

ஐந்து வயதில் பார்வை போனவன் நான். எனக்கு வரும் கடிதங்களை மனைவிதான் வாசித்துக் காட்டுவாள். கடல் ஊருக்குள் வந்து அவளைக் கொண்டுபோன பிறகு அந்த வேலை தங்கச்சியுடையதாயிற்று. இரண்டு தெரு தள்ளி அவளுடைய வீடு. பகலில் சோறும் கறியும் கொண்டு வருவாள். கொழும்பில் வேலை செய்யும் என் மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தால், சோற்றை மூடி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பிரிப்பாள். நாள் முழுக்க என் வீட்டில் கேட்கிற ஒரே மனிதக் குரல் அவளுடையதுதான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் வந்து ஏறுவான். சுனாமிக்குப் பிறகு கிடைத்த இந்த வீட்டையும் மகளுக்கென்றே வைத்திருந்தேன். தங்கச்சி தன் மகனுக்கு என் மகளைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மகள் திரும்பி வருவாள், மருமகன் வருவான், வீட்டில் கதை பேச்சு இருக்கும். பொய் சொல்வானேன், அவளுடைய வாழ்க்கையை நினைத்ததைவிட என் தனிமையைத்தான் நான் அதிகம் நினைத்தேன்.

நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதினாள். மகளின் பதிலில் சலாம் இருந்தது, சுகம் விசாரிப்பு இருந்தது, கொழும்பு மழை இருந்தது. கலியாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுபடி எழுதினோம். மறுபடியும் மழைதான்.

"வேணாம் எண்டு சொல்லல்லியே காக்கா. கன்னிப் புள்ளட மௌனம் சம்மதம்தானே" என்றாள் தங்கச்சி. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

மார்க்கத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நானும் தலையாட்டினேன். ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பெண்பிள்ளைகள் கலியாணக் கதையை வாப்பாவிடம் நேரே பேசமாட்டார்கள். போனிலும் பேசமாட்டார்கள். உம்மாவிடம் சொல்வார்கள். இவளுக்கு உம்மா இல்லை. உம்மாவின் இடத்தில் நின்று கடிதத்தைப் பிரிப்பவளோ மாப்பிள்ளையைப் பெற்றவள். பிள்ளை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறாளோ என்று பயந்தேன்.

மாற்றுத்திறனாளிகள் நிலையம் ஒன்று எனக்கு ஒரு கணினி தந்திருந்தது. தட்டச்சும் பழக்கியிருந்தார்கள். ஆனால் அதற்குப் பேசத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும்தான். தமிழைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்ளும். திரையில் உள்ள வரியை விரலுக்கடியில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நிலையத்தாரை விடாமல் நச்சரித்தேன். கடைசியில், யுத்தம் முடிந்து சில மாதங்களில், எனக்குத் தட்டச்சுப் பழக்கிய மனிதர் வினாயகபுரத்திலிருந்து அதைக் கொண்டு வந்தார்.

"செக் பொயின்ட்ல இறக்கிட்டாங்கள் காக்கா. இதென்ன சாமான் எண்டு கேட்டாங்கள். கண் தெரியாத ஆக்கள் வாசிக்கிற சாமான் எண்டன். ஆமிக்காரன் கண்ண மூடிட்டு விரலால தடவிப் பாத்துட்டு விட்டுட்டான்" என்றார்.

பெட்டியை விசைப்பலகைக்கு முன்னால் வைத்து வயரைக் கொழுவினோம். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கான மென்பொருளை ஏற்றினார், அப்போதும் இல்லை. கணினியின் முன்பக்கத் துளை தளர்ந்திருக்கிறதென்று வயரைப் பின்பக்கம் மாற்றியதும் புள்ளிகள் சடசடவென்று எழும்பின. ஆங்கிலம் சரியாக வந்தது. தமிழுக்குப் போனால் குப்பை. பிரெயில் அட்டவணையைத் தமிழுக்கு மாற்ற வேண்டுமாம். அந்தக் கோப்பைத் தேடிப் போட அவர் இன்னொரு நாள் வரவேண்டியிருந்தது. அன்று என் சுட்டுவிரலின் கீழ் ஒற்றைப் புள்ளி ஒன்று எழும்பியது. 'அ'.

சின்ன வயதில் பார்வையற்றோர் பள்ளியில் பிரெயில் படித்தவன்தான் நான்; ஆனால் நாற்பது வருசம் பிரம்புக் கதிரை பின்னிய விரல்கள் மரத்துப்போயிருந்தன. காலையும் மாலையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பழகினேன். பிறகு மகளுக்கு மின்னஞ்சல் எழுதினேன்: "இனி உன் கடிதத்தை நானே வாசிப்பேன். வேறு யாரும் வாசிக்கமாட்டார்கள். உனக்கு விருப்பமா, இல்லையா?"

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"வேண்டாம் வாப்பா. மச்சானில் ஒரு குறையும் இல்லை. அவரை நான் கூடப் பிறந்தவராகத்தான் நினைத்திருக்கிறேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்தேன். மாமி வாசிப்பா என்று பயம். மாமியின் முகத்தை நினைத்தால் எழுத வரவில்லை."

பெட்டியில் கைவைத்தபடியே நான் அழுதேன். அவள் உண்மையைச் சொன்னதற்கு அழுதேனா, இனி இந்த வீட்டுக்கு யாரும் வரப்போவதில்லை என்று அழுதேனா தெரியாது.

பகல் தங்கச்சி வந்தாள். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதம் வந்திருப்பதாகச் சொன்னேன்.

"அப்ப வாசிங்களன், கேப்பம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

திரையின் பக்கம் அவள் வரவில்லை. எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவளுக்கு ஒரு கடிதம் வாசித்தேன். என் விரல் மெதுவானது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. 'மாமி வாசிப்பா' என்ற இடத்தில் தாண்டிப் போகலாமா என்று யோசித்தேன். அவள் எனக்கு ஒரு வரியைக்கூடத் தாண்டியதில்லை. அதனால் வாசித்தேன்.

கதிரையைப் பின்னுக்குத் தள்ளி அவள் எழுந்தாள்.

"எனக்கிட்ட வாசிக்கத் தாற கடிதமெண்டா புள்ள இத எழுதியிரிக்கமாட்டா, என்ன காக்கா?"

"ஓம். அதுக்காகத்தான் இந்தப் பெட்டிய எடுத்தன்."

நேற்றைய வெற்றுச் சோற்றுக் கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. வாசலுக்குப் போனவள் அங்கே நின்று, "மாமி கோவிக்கல்ல எண்டு புள்ளைக்கு எழுதுங்க" என்றாள்.

மறுநாள் பகல் சோறு வந்தது. தங்கச்சியின் அயல் வீட்டுப் பெண் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு கிழமை கழிந்தும் தங்கச்சி வரவில்லை.

நான் மகளுக்கு எழுதினேன்: "மாமி கோவிக்கவில்லை. முன்னைப் போலவே ஒவ்வொரு நாளும் வந்து போகிறா." விரலை வைத்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இருக்கவில்லை. அனுப்பினேன்.