கடல் தெரியாத அறை

பத்தாம் வகுப்போடு நின்ற நான் பயணம் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அவரும் கோல்ட் கோஸ்ட் கடற்கரைக்கு வந்து நிற்கிறோம். சூதாட்டக்கூடம் இல்லாத, கட்டுப்படியான வாடகையில் ஒரு சின்ன ஹோட்டல். நோபல் பார்க் வீட்டில் இருந்தபடியே மகள்தான் பதிவு செய்தாள். கடல் தெரியட்டும் என்று ஆசையாக இந்த அறையைப் பிடித்திருக்கிறாள். அவளும் நானும் இந்த நாட்டுக்குப் பிறகு விமானத்தில் வந்தவர்கள். அவளுடைய அப்பா முதலில் அகதியாகப் படகில் வந்தவர். அலைச் சத்தம் கேட்டால் அவர் இன்றைக்கும் கண்மூட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

பின்னேர வெயில். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்குகிறது. நீரின் வெளிச்சம் சுவரில் நெளிய, அறையே மெல்ல மிதப்பதுபோல் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அவரோ கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தயங்கித் தயங்கிக் கீழே போகிறேன். வரவேற்பில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்.

"தங்கச்சி, கடல் தெரியாத அறை ஒண்டு இருக்கே?"

"என்ன ஆண்ட்டி, எல்லாரும் கடல் வேணும்னு என்கிட்ட சண்டை போடுறாங்க. நீங்க கார் பார்க் பாத்த ரூமைக் கேக்குறீங்க?"

"அவர் வள்ளத்தில வந்தவர், பிள்ளை. இந்தச் சத்தத்தில படுக்கமாட்டார்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பின்பக்க அறையின் சாவி அட்டையை எடுத்து நீட்டுகிறாள்.

நான் பெட்டியைக் கட்டும்போது அவர் எழுந்து பல்கனிக்குப் போகிறார். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று சிரிக்கிறார்.

"ஒரு படம் எடுமப்பா, பிள்ளைக்கு அனுப்புவம். அறை மாறினதைச் சொல்லிப்போடாதையும்."

அடுத்த நாள் அவர் நன்றாக நித்திரை கொண்டதில் காலைச் சாப்பாட்டு நேரம் தவறிவிட்டது.