மேடத்துக்குப் போட்ட சினை ஊசி

மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை. மணம் இல்லை. விரல் நுனியில் மட்டும் ஒரு கடி.

பட்டம் வாங்கிய கையோடு கிடைத்த முதல் வேலை... அரசாங்கத் திட்டம் ஒன்றில் எருமைகளுக்குச் சினை ஊசி போடுவது. தீவில், பாயான் பாருவில் ஆபீஸ். பிக்கப்பின் பின்னால் திரவ நைட்ரஜன் டேங்க், அதற்குள் உறைந்த விந்துக் குச்சிகள். தினமும் காலையில் ஒரு மர ஸ்கேலை உள்ளே விட்டு எடுப்பேன். பனி படிந்த உயரம்தான் நைட்ரஜனின் அளவு.

ஒரு ராயா, நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு நைட்ரஜன் லாரி வரவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று ஸ்கேலை விட்டேன்.

வெறும் மரமாக வெளியே வந்தது.

மதியம் லாரி வந்ததும் நிரப்பிக்கொள் என்றார் மேலதிகாரி. நிரப்பினேன். மறுநாள் ஸ்கேலில் அழகாகப் பனி. ஒரு குச்சியை உருக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இன்னொன்று. அதுவும்.

அவரையும் பார்க்க வைத்தேன். புதுக் குச்சிகள் வர மாதக்கணக்காகும், அதுவரை ஊசியை நிறுத்தினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்றார். பிறகு,

"இருக்கிறத போடு தம்பி. எருமை என்ன கம்ப்ளெயின் லெட்டரா எழுதப் போகுது?"

நான் சிரித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலுக்கு அக்கரையில், பைராம் தோட்டத்துக்கு அப்பால் சரசு அக்கா இரண்டு எருமைகள் வைத்துத் தயிர் விற்றார். ஒன்றுக்கு வயதாகிப் பால் வற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று மேடம். அவர் வைத்த பெயர். மேடம் கன்று போட்டால்தான் அடுத்த வருடம் தயிர்.

எருமை பருவத்துக்கு வந்தால் பசுவைப் போல் கத்தாது. நாங்கள் ஹார்மோன், காலண்டர் என்று கணக்குப் போட்டும் தவறவிடுவோம். அக்கா தவறவிட்டதில்லை. போனில் அழைத்தார்.

"மேடம் தவிட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. சீக்கிரம் வாங்க லா தம்பி."

கடல்மேல் போகும் இரண்டாம் பாலம் தாண்டிப் போனேன். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடத்திடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குச்சியை வெதுவெதுப்பான நீரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணினேன். செத்துப்போனதற்கு எதற்கு அத்தனை கவனம்...

மூன்று வாரம் கழித்து மறுபடி அழைத்தார். அதன்பின் இன்னொரு மூன்று வாரம். மூன்று முறையும் சினை பிடிக்கவில்லை. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'மாட்டின் குறை' என்று எழுதினேன். என் கையெழுத்துதான்.

மேடத்தைத் திட்டத்திலிருந்து நீக்கும் தாளை எடுத்துக்கொண்டு போன காலையில், இறைச்சி வியாபாரியின் லாரி நின்றிருந்தது. கன்று போடாத மாட்டுக்குத் தீனி போட அக்காவால் முடியாது. மேடம் முரண்டு பிடிக்கவில்லை. அக்கா முன்னால் ஏறினார், அது பின்னாலேயே ஏறியது. பிறகு அக்கா மட்டும் இறங்கினார்.

லாரி போனதும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு போத்தல் தயிரை நீட்டினார்.

"உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். மூணு தடவ பாலம் தாண்டி வந்தீங்க. மேடத்த தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி."

வாங்கிக்கொண்டேன்.

இப்போது பாயான் லெப்பாஸில், கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் வேலை. நைட்ரஜன் குழாயில் வருகிறது. அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், மூன்று பேர் ஓடி வருவார்கள். ஒரு சிப்கூட வீணாகக் கூடாது.

அந்த டேங்கில் விளக்கு இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

வெறும் மரமாக வந்த அன்றும் ஸ்கேலைத் துடைத்து வைத்தேன்.